நாலாம் சுற்றின் சூடு

சென்ற இதழில் என்ஜின் குளிர்விப்பு பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. இரண்டாம் முறை, கட்டுரையாளர் எங்காவது ஒரு வெப்பநிலையை அளந்து எழுதியிருக்கிறாரா என்று தேடிக்கொண்டு. அளந்த எண் ஒன்றுகூட இல்லை. பெரிய ரேடியேட்டர், ஆயில் கூலர், பெரிய இன்டர்கூலர் எல்லாமே விற்பவனின் லாபத்துக்காகக் கிளப்பிவிட்ட பயம்; கார் கம்பெனிப் பொறியாளருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடப் போவதில்லை; மீறிச் சூடானால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் போதும்; மிச்சப்படும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம். அவர் சொல்வதன் சாரம் இவ்வளவுதான்.

டயரைப் பற்றி அவர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. மற்றவை பெரும்பாலும் தவறு. தெர்மோஸ்டாட் பற்றிய யோசனை என்ஜினையே கொல்லக்கூடியது. சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், டிராக் டே நாட்களில் வரும் பையன்களை நான் பார்க்கிறேன். இருபத்தைந்து வயது இருக்கும். தவணை பாதிகூட முடியாத டர்போ செடான், என்ஜினை இயக்கும் கணினியான இசியூவில் ஸ்டேஜ் ஒன் ட்யூன், பின் சீட்டில் நண்பனிடம் இரவல் வாங்கிய ஹெல்மெட். அந்தக் கார்தான் அவன் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் காரும். அவன் கையில் இந்தக் கட்டுரை கிடைக்கும், அவன் நம்புவான் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், கம்பெனிக்குத் தெரியாதா என்ற கேள்வி. கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். எந்த வேலைக்கு, எந்த வெயிலுக்கு அவர்கள் கணக்குப் போட்டார்கள் என்று கட்டுரையாளர் ஒரு முறையாவது விசாரித்திருக்க வேண்டும்.

செவ்ரோலே கார்வெட் இசட்06 காரை எடுத்துக்கொள்வோம். 2015 மாடலாக வந்தது. 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் என்ஜின், 650 குதிரைத்திறன். தடத்தில் ஓட்டுவதற்கென்றே சொல்லி விற்ற கார். வாங்கியவர்கள் தடத்துக்குக் கொண்டுபோனபோது சில சுற்றுகளிலேயே சூடேறிச் சக்தி குறைவதாகப் புகார்கள் குவிந்தன. அப்போது அந்தக் காரின் தலைமைப் பொறியாளர் ஒளிக்காமல் ஒரு விளக்கம் தந்தார். தொழில்முறை ஓட்டுநர் ஓட்டும் வேகத்துக்கு, வெளி வெப்பம் 86 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்துத்தான் குளிர்விப்பை வடிவமைத்தோம் என்றார். அது செல்சியஸில் 30. சென்னையில் 30 டிகிரி என்பது ஜனவரி மாதத்து நடுப்பகல். மே மாதத்தில் அந்த அளவைக் காலையிலேயே தொட்டுவிடுகிறோம். பிறகு 2017 மாடலில் பானெட்டின் காற்றுத் துவாரங்களைப் பெரிதாக்கினார்கள், சூப்பர்சார்ஜரின் மூடியை மாற்றினார்கள். அதே ஆண்டில் அந்தக் காரை வாங்கியவர்கள் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலில் செய்தது போதும் என்று அதைச் செய்த கம்பெனியே நினைக்கவில்லை. நம் கட்டுரையாளர் நினைக்கிறார்.

ஹோண்டாவின் கதை இன்னும் தெளிவானது. 2017இல் வந்த சிவிக் டைப் ஆர், முன்சக்கர இழுவைக் கார்களில் ஒரு சிகரம். இரண்டு லிட்டர் டர்போ என்ஜின். அதுவும் தடத்தில் சூடேறியது. 2020இல் ஹோண்டா அதைத் திருத்தியது. முன் கிரில்லின் திறப்பை 13 சதவீதம் பெரிதாக்கி, ரேடியேட்டரில் ஃபின்களை இன்னும் நெருக்கமாக வைத்தது. கடும் ஓட்டத்தில் கூலண்ட் வெப்பம் 10 டிகிரி வரை குறைகிறது என்று ஹோண்டாவே அறிவித்தது. என்ஜின் அதேதான். மாறியது காற்றின் வழியும் ரேடியேட்டரும். அப்படியானால் 2018இல் அந்தக் காரை வாங்கியவர் வெளியில் ஒரு நல்ல ரேடியேட்டர் வாங்கிப் பூட்டினால் அது எப்படி ஏமாந்த செலவாகும்? இரண்டு வருடம் கழித்துக் கம்பெனி செய்யப்போவதை அவர் முன்கூட்டியே செய்துகொண்டார், அவ்வளவுதான்.

போர்ஷேயைப் பார்த்தால் வாதமே முடிந்துவிடுகிறது. முதல் தலைமுறை பாக்ஸ்டரில் சாதாரண மாடலுக்கு முன்பக்கம் இரண்டு ரேடியேட்டர்கள். கூடுதல் சக்தி கொண்ட எஸ் மாடலுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று. அதே காலத்து 911இலும் டர்போ, ஜிடி3 போன்றவற்றுக்கு அந்த நடு ரேடியேட்டர் உண்டு. சாதாரண மேனுவல் கியர் காரில் அந்த இடம் காலியாக இருக்கும். உரிமையாளர்கள் பல ஆண்டுகளாக அந்த இடத்தில் மூன்றாவது ரேடியேட்டரைத் தாங்களே வாங்கிப் பூட்டி வருகிறார்கள். பொறியாளருக்குத் தெரிந்ததால்தான் அங்கே இடம் இருக்கிறது. கணக்குப் பார்ப்பவருக்கும் தெரிந்ததால்தான் அது காலியாக இருக்கிறது. ஒவ்வொரு கிலோ எடைக்கும், ஒவ்வொரு ரூபாய்க்கும், முன்முகத்தில் திறக்கும் ஒவ்வொரு அங்குலத்தால் கூடும் காற்று எதிர்ப்புக்கும் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். அலுவலகத்துக்கும் ஊருக்கும் போய்வரும் ஆயிரம் பேரை வைத்துப் போடும் கணக்கு அது. மாதம் ஒரு ஞாயிறு தடத்துக்குப் போகிறவன் அந்தக் கணக்கில் இல்லை.

இனி தெர்மோஸ்டாட்.

கட்டுரையாளர் முதலில் ஒன்று சொல்கிறார். தெர்மோஸ்டாட் 90 டிகிரியில் திறக்கும், ஆகவே என்ஜின் எப்போதும் 90ஐ ஒட்டியே ஓடும், ரேடியேட்டரைப் பெரிதாக்கி என்ன பயன் என்கிறார். இரண்டு பத்தி தள்ளி, சூடானால் அந்தத் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடு என்கிறார். இரண்டும் ஒரே கட்டுரையில், ஒரே கையால் எழுதப்பட்டவை. என்ஜினை 90இலேயே பிடித்து வைத்திருக்கும் பொருள் அது என்றால், 110 டிகிரியில் தவிக்கும் காரில் அதை ஏன் கழற்ற வேண்டும்?

தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு மெழுகுக் குப்பி. சூட்டில் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கிறது. திறக்கத் தொடங்கிய வெப்பத்திலிருந்து பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுக்கத் திறந்துவிடும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. என்ஜின் எவ்வளவுக்குக் கீழே குளிரக்கூடாது என்பதை அது முடிவு செய்கிறது. எவ்வளவுக்கு மேலே ஏறும் என்பதை ரேடியேட்டரும் அதன் வழியே போகும் காற்றும்தான் முடிவு செய்கின்றன. கூலண்ட் 112இல் இருக்கும்போது வால்வு ஏற்கெனவே முழுக்கத் திறந்து கிடக்கிறது. அப்போது அதைக் கழற்றினால் கிடைக்கப்போவது பெயரளவுக்குத்தான்.

கெடுதலோ நிச்சயம். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. ரேடியேட்டர் பக்கம் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் பைபாஸ் வழியை அதன் மறுமுனை அடைக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்ப என்ஜினுக்குள் போகும். குளிர்விப்பதற்காகக் கழற்றியவன் காரை இன்னும் சூடாக்கிக்கொள்கிறான். ஏற்றத்திலும் தடத்திலும்தான் இது தெரியும். வீட்டு வாசலில் ஐடிலிங்கில் பார்த்து "இப்ப நல்லா கூலா இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்குக்குத் தெரியாது.

தடத்துக்குப் போகாத நாட்களிலும் சேதம் நடக்கிறது. என்ஜின் சரியான வெப்பத்தை எட்டவே நேரமாகும். என்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று இசியூ நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவி இறக்கி, ஆயிலோடு கலக்கும். ரிங்கும் போரும் தேயும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அம்பாசடர் ஓடிய காலத்து ஞானம் இது. அந்த ஒன்றரை லிட்டர் பெட்ரோல் என்ஜினின் சக்தி ஐம்பது குதிரைத்திறனை ஒட்டியது. பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் நட்டநடு வழியில் வேறு வழி இருக்காது. கழற்றி எறிந்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மெக்கானிக்குகளை நான் மதிக்கிறேன். கையில் இருந்ததை வைத்துக் காரை ஓட வைத்தவர்கள். இன்று ஹெட் அலுமினியம். கொஞ்சம் அதிகமாகச் சூடேறினால் வளையும், கேஸ்கெட் போகும், ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் செய்ய வேண்டிவரும். அந்தக் காலத்து அவசர வைத்தியத்தை 2020களின் டர்போ காருக்கு ஆலோசனையாக அச்சில் எழுதுவது பொறுப்பற்ற செயல்.

(என் பக்கத்தில் நிற்பவர்களும் ஒரு தவறு சொல்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடும், ரேடியேட்டரில் நின்று சூட்டை விட அதற்கு நேரம் கிடைக்காது என்பார்கள். அது உண்மையில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் மொத்தத்தில் குறைவாக அல்ல, கூடுதலாகவே வெப்பத்தைக் கடத்தும். எதிராளியைத் திருத்தும்போது நம் பக்கத்துப் பொய்யையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது.)

அடுத்து, கட்டுரையாளர் தன் காரில் வெப்ப முள் ஒருநாளும் நடுவை விட்டு நகர்ந்ததில்லை என்று சாட்சி சொல்கிறார். இன்றைய கார்கள் பலவற்றில் அந்த முள் வெப்பத்தைக் காட்டுவதில்லை. வாடிக்கையாளர் பயப்படக்கூடாது என்பதற்காக, 80 டிகிரிக்குச் சற்றுக் கீழிருந்து 110ஐ ஒட்டிய வெப்பம் வரை அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும். என் காரில் இதை நானே கண்டேன். ஓபிடி பிளக்கில் ஒரு சிறிய ரீடரைச் சொருகி, செல்போனைக் கண்ணெதிரே ஒட்டிக்கொண்டு தடத்துக்குள் போனேன். இரண்டாம் சுற்றில் 101. மூன்றில் 107. நாலாம் சுற்றில் பின்பக்க நேர்ச்சாலை முடியும் இடத்தில் 113 காட்டியது. ஏசி தானாக நின்றது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தும் கார் யோசித்து யோசித்துத்தான் எடுத்தது. முள் அப்போதும் நட்டநடுவில். அந்த முள்ளை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் மூன்று சுற்று ஓட்டியிருப்பேன்.

ஏன் நாலாம் சுற்று? நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரண செடானை ஓட்ட இருபது குதிரைத்திறன்கூடத் தேவையில்லை. தடத்தில் அதே காரை முழு மூச்சாக ஓட்டும்போது சுற்றின் பெரும்பகுதி ஆக்ஸிலரேட்டர் தரையில் கிடக்கிறது. பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு உதவும் வேலையாகிறது, மிச்சம் வெப்பம். அதில் பாதியை ஒட்டிய பங்கு சைலன்சர் வழியே போகிறது, இன்னொரு பெரும்பங்கு கூலண்டுக்குள் வருகிறது. நெடுஞ்சாலையில் வருவதைப்போல் பல மடங்கு. முதல் சுற்றில் இரும்பும் அலுமினியமும் ஆயிலும் தண்ணீரும் அந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர், சுற்றுக்கு இரண்டு நிமிடத்தை ஒட்டி. ஆறேழு நிமிடத்தில் அந்தக் கிடங்கு நிறைந்துவிடும். அதன்பிறகு உள்ளே வரும் வெப்பத்தை அவ்வப்போதே வெளியேற்ற முடிந்தால் கார் தாங்கும், முடியாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். கட்டுரையாளர் ஓஎம்ஆரில் சிக்னலுக்குச் சிக்னல் விரட்டிய அனுபவத்தை எழுதியிருக்கிறார். அவர் கிடங்கு ஒருநாளும் நிறைந்ததில்லை. அதனால் அவருக்குப் பிரச்சினையே தெரியவில்லை.

இந்த இடத்தில் ஊரின் வெயில் வந்து சேர்கிறது. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலண்டுக்கும் காற்றுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலண்ட் 105 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 80. காற்று 40 என்றால் 65. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், அதே வேகம். திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதுவும் வெயிலில் காய்ந்த தாரின் மேலே சற்று உயரத்தில் காற்று 40இல் நிற்பதில்லை. முன்னால் ஏசி கண்டன்சர், சில கார்களில் இன்டர்கூலர், இரண்டையும் கடந்து சூடான பிறகுதான் காற்று ரேடியேட்டருக்கே வருகிறது. ஐரோப்பியத் தடத்தில் தப்பித்த கார் இங்கே தப்பிக்காததற்கு இதுவே காரணம். இதைக் கூட்டிக் கழிக்க ஒரு சிறிய தாள் போதும். அவர் செய்யவில்லை.

டர்போ காரில் சக்தி போவது கூலண்டுக்கும் முன்னால், உள்ளே போகும் காற்றிலேயே தொடங்குகிறது. 38 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் அது 130 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. இன்டர்கூலர் அந்த ஏற்றத்தில் எழுபது சதவீதத்தை எடுத்தால் காற்று 67ஐ ஒட்டி உள்ளே போகும். எண்பத்தைந்து சதவீதத்தை எடுத்தால் 52ஐ ஒட்டி. பதினைந்து டிகிரி வித்தியாசம் காற்றின் அடர்த்தியில் நாலைந்து சதவீதம். நாக்கிங்கைத் தவிர்க்க இசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளும்போது போகும் சக்தி இதற்கு மேலே. கம்பெனி இன்டர்கூலர் முதல் ஓட்டத்தில் நன்றாகவே எடுக்கும். சிறியதாக இருப்பதால் தொடர்ந்து அடிக்கும்போது அதுவே சூடேறிப்போய் எடுக்கும் பங்கு குறைந்துகொண்டே வரும். குளிர்விப்பு குதிரைத்திறனைக் கூட்டாது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முதல் சுற்றில் கூட்டாது, உண்மை. இழந்த குதிரைகளை ஐந்தாம் சுற்றில் திருப்பித் தருகிறது. ட்யூன் செய்து வாங்கிய சக்தியைத் தடத்தில் நாலு நிமிடம்தான் பயன்படுத்த முடியும் என்றால், ட்யூனுக்குக் கொடுத்த காசுதான் வீண்.

ஆயில் கூலர் வேண்டாம் என்று சொன்னவர் ஆயிலின் சூட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. கூலண்ட் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். ஆயில் மெதுவாக ஏறி, இறங்க மறுக்கும். அது மெலிந்துபோனால் கிராங்க் பேரிங்கும் ஷாஃப்டும் உரசும். 2009 மாடலாக வந்த நிசான் 370 இசட் தடத்தில் ஆயில் சூடேறுவதற்குப் பெயர் போனது. ஆயில் 140 டிகிரியை நெருங்கும்போது காரே ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்திவிடும். பேரிங்கைக் காப்பாற்றச் செய்த நல்ல ஏற்பாடு, ஆனால் தடத்தில் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. உரிமையாளர்கள் ஆயில் கூலர் பூட்டினார்கள். பின்னாளில் நிசானே சில மாடல்களில் ஆயில் கூலரோடு காரைக் கொடுத்தது. இந்த ஒரு காரின் கதையைப் படித்திருந்தால் அவர் கட்டுரையின் தலைப்பையே மாற்றியிருப்பார்.

விற்பவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. தடத்துக்கே போகாத காருக்கு இதெல்லாம் தேவையில்லை. ரேடியேட்டர் கேப், ஹோஸ், ஃபேன், கூலண்ட் நான்கும் ஒழுங்காக இருந்தால் போதும். தடித்த ரேடியேட்டரை வாங்கிப் பூட்டி, அதைச் சுற்றி விரல் நுழையும் சந்துகளை விட்டுவைத்தால் காற்று அந்தச் சந்து வழியே போய்விடும், ரேடியேட்டர் சும்மா நிற்கும். முன்முகத்தை முழுக்க அடைக்கும் ராட்சத இன்டர்கூலர், பின்னால் இருக்கும் ரேடியேட்டரின் மூச்சை நிறுத்தும். உள்ளே தெர்மோஸ்டாட் இல்லாத ஆயில் கூலர் பிளேட், சாதாரண நாட்களில் ஆயிலை அளவுக்கு மீறிக் குளிர வைக்கும். புதுப்பேட்டையில் நாலு கடை ஏறி விலை விசாரிப்பதற்கு முன், ரேடியேட்டர் ஓரங்களை ஃபோம் பட்டையால் அடைத்து, ஃபின்களில் சிக்கிய பூச்சியையும் தூசியையும் கழுவி, பழைய கேப்பை மாற்றிவிட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். சில கார்களுக்கு அதுவே போதும். நான் அப்படித்தான் தொடங்கினேன். என் காருக்குப் போதவில்லை. ஆயில் கூலரும் இன்டர்கூலரும் பின்னால் வந்தன.

ஆனால் மோசமான பாகம் சந்தையில் இருப்பதால் எந்தப் பாகமும் வேண்டாம் என்பது வாதமாகாது. போலி மருந்து விற்கிறார்கள் என்பதற்காக யாரும் காய்ச்சலோடு படுத்துக் கிடப்பதில்லை. செலவைப் பற்றியும் அவர் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறார். நல்ல ஆயில் கூலர் செட்டுக்கு ஆயிரங்களில் செலவாகும். பேரிங் போன டர்போ என்ஜினைப் பிரித்துச் சேர்க்க லட்சங்களில் செலவாகும், காரும் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்.

கடைசியாக அந்தப் பச்சைத் தண்ணீர். தண்ணீர், கூலண்டில் கலக்கும் கிளைக்காலைவிட நன்றாக வெப்பத்தை ஏந்தும் என்று அவர் சொல்வது சரிதான். கீழே கொட்டினால் வழுக்கும் என்பதால் பல பந்தயங்களில் கிளைக்காலைத் தடையே செய்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஊற்றுவது காய்ச்சி வடித்த தண்ணீர், கூடவே துருத் தடுப்பு மருந்து. சென்னை போர்வெல் தண்ணீரின் உப்பு, கெட்டிலின் அடியில் படிவதுபோல் ஹெட்டுக்குள்ளும் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிந்து குளிர்விப்பையே அடைக்கும். அலுமினியத்தை அரிக்கும். வாட்டர் பம்ப் சீலைத் தின்னும். இந்த வேறுபாட்டை எழுத அவருக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. அந்த ஒரு வரி இல்லாததால் யாரோ ஒருவர் அடுத்த வாரம் குழாயைத் திறந்து ரேடியேட்டரை நிரப்பப் போகிறார்.

அடுத்த டிராக் டேக்கு அவர் வரட்டும். ரீடர் நான் தருகிறேன். நாலாம் சுற்று முடிந்து பிட்டுக்குள் நுழையும்போது கூலண்ட், ஆயில், உள்காற்று மூன்றின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு, அதை அடுத்த இதழில் தன் பெயரோடு அச்சிடட்டும். என் காரின் அளவுகளை, பாகங்கள் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றை, தேதியோடு ஆசிரியருக்கு இந்தக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.